ஒற்றைக் கை ஹைட்ரஜன்

மலேசியாவின் மெர்கோங்கில் தோழியின் கல்யாண விருந்து. மேடையில் மைக் பிடித்தவர் அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர். பட்டுப்புடவைக்குக் கீழே ஓட்டக் காலணி. யார் எதிரே வந்தாலும் முகத்தை விட்டுவிட்டுக் கைகளையே பார்த்தார்.

"இன்னிக்கு எல்லாரும் அணு! கார்பனுக்கு நாலு கை, ஆக்சிஜனுக்கு ரெண்டு, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு. ஒரு கையும் சும்மா இருக்கக் கூடாது. அங்கிள், நீங்க கார்பன், காலையும் நீட்டுங்க!"

நாற்காலியில் மல்லாந்த அங்கிளின் கைகால்களை நான்கு ஹைட்ரஜன் பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். "மீத்தேன் ரெடி!" மண்டபமே குலுங்கிச் சிரித்தது. ஆக்சிஜன் அத்தைகள் பக்கத்துக்கு ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துத் தண்ணீரானார்கள்.

கடைசியில் நானும் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரும் மிஞ்சினோம். இருவருமே ஹைட்ரஜன்.

டீச்சர் இறங்கி வந்தார். "நீங்க ரெண்டு பேரு சேந்தாலும் மூலக்கூறுதான். ஆனா ஒரு கைதான் இருக்கு, பாத்துப் புடிங்க லா."

பிடித்தோம். "மக்கான் ரெடி!" என்று யாரோ கத்தியதும் மீத்தேனும் தண்ணீரும் சிதறிப் பிரியாணிக்கு ஓடின. நாங்கள் மட்டும் கையை விடவில்லை.

எங்களுக்கே கல்யாணமாகியும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. அத்தனை கைகளையும் எண்ணிச் சேர்த்தவர், எங்கள் இருவரை மட்டும் எப்படி மிச்சம் வைத்தார்?