கோடு ஓடுகிறதா?

சட்டையைக் கழற்றி, மார்பை உப்புத் தண்ணீரால் துடைத்து, இதயத்துடிப்பு பார்க்கும் கருவியின் மூன்று ஒட்டுவில்லைகளையும் முதலில் தன்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இளஞ்செழியன். உலோகத்தில் கரண்டு பாயக் கூடாதென்று கழற்றிய கல்யாண மோதிரம் டம்ளருக்குள் கிடந்தது. கால்மணி நேரம் தனக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் கருவி மனைவி உண்ணாமலைமேல் ஏறும். தினமும் இதே கூத்து. "கரண்டுக்கு ஆளுந் தெரியாது, ஒறவுந் தெரியாதுங்க" என்பார்.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணைகளுக்குச் சூடு அளக்கும் சென்சார் செய்வது பிழைப்பு. ஆறடி ஆள், தேளை வாலைப் பிடித்துத் தூக்கி எறிவார். ஆனால் சித்திரையில் உண்ணாமலை இரண்டு தடவை மயங்கி விழுந்ததிலிருந்து மனிதருக்கு ஈரக்குலை நடுக்கம். இதயம் எப்போதாவது நின்று துடிக்கிறதாம். டாக்டர் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடித் தொலைக்கிறது. கையும் களவுமாகப் பிடித்தால்தான் வைத்தியமாம். அதற்குத்தான் தீப்பெட்டி அளவில் இந்தச் சர்க்கியூட்டை வடிவமைத்தார். அவள் துடிப்பு இவர் செல்போனில் கோடாக ஓடும். சோற்றுத்தட்டின் முன்னாலும் அதையே பார்ப்பார். "கண்ண எடுத்தா நின்னுபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க" என்பார் கேட்பவர்களிடம். பிடிபட வேண்டும் என்றுதான் செய்தார், பிடிபடக் கூடாதென்றுதான் வேண்டிக்கொள்வார்.

அன்று ஆயுத பூஜை. பண்ணையில் இருந்தபோது கோடு படுத்துவிட்டது. போன் அடித்தார், எடுக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை விரட்டினார்.

வீட்டில் சாம்பிராணிப் புகை. கிரைண்டர், சால்டரிங் கம்பி, மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நடுவில், பூவும் குங்குமமுமாக, அவருடைய கருவி. வில்லைகளில் சந்தனத்தை அப்பியிருந்தாள் உண்ணாமலை.

"ஏனுங்க இப்படி மூச்சு வாங்குது? எல்லாச் சாமானுக்கும் வெச்சனுங்க. உசுரக் காக்கறதுக்கு வெக்காம உட்டா எப்படிங்க?"

திட்டத்தான் வாயெடுத்தார். அவள் நின்று பேசுவதே போதும் என்று விட்டுவிட்டார். பிறகு சந்தனத்தைத் துடைத்து, புது வில்லை மாட்டி, வழக்கம்போலத் தன்மேல் ஒட்டிப் பார்த்து, அவளுக்கு ஒட்டினார். கோடு ஓடியது. அப்பாடா என்றிருந்தது.

அவள் பொரிகடலையை அள்ளி நீட்டினாள். செல்போனில் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. சந்தனம் இல்லை, வில்லை புதிது, கருவியில் குற்றமில்லை. நான்காவதில் கோடு மறுபடி எழுந்தது.

"லேசாக் கிறுகிறுங்குதுங்க" என்று சுவரைப் பிடித்தாள். "கோடு ஓடுதுங்களா?"

"ஓடுது புள்ள" என்றார் இளஞ்செழியன், ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு உள்ளங்கையால் செல்போனை மூடிக்கொண்டு.