ஏரிக்கரை பங்களாவின் ஏழாவது ஜன்னல்

காலை 5.10. அவிநாசிபாளையத்தில் தாராபுரம் பஸ் ஏறினோம்.

"கேஸை மூடுனியா?" என்று என் மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"மூணு வாட்டி பாத்தாச்சுங்க. வேணும்னா சிலிண்டரையும் தூக்கி மடியில வெச்சுக்கட்டுங்களா?"

என் கவலை கேஸைப் பற்றியதல்ல. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு பழைய பங்களா; அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். என் அப்பா அங்கே தோட்டக்காரராக இருந்தார். பத்து வயதில் நான் எறிந்த கல், அதன் மாடி ஜன்னலில் ஒரு கலர்க் கண்ணாடியை உடைத்தது. மறுவாரமே அப்பாவுக்கு வேலை போனது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து, இன்று கட்டிங் மாஸ்டர். அந்த ஜன்னலுக்குள்ளிருந்து முதலாளியம்மா என்னைப் பார்த்துவிட்டார், அதனால்தான் வேலை போனது என்று நாற்பது வருடமாக ஒரு பயம். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. செல்வியிடமே தாராபுரம் தாண்டித்தான் சொன்னேன்.

தாராபுரத்திலும் பழனியிலும் பஸ் மாறி, 64 கிலோமீட்டர் மலைப்பாதை. 10.40க்கு ஏரிக்கரை. பங்களா இப்போது லாட்ஜ். சுற்றிப் பார்க்க ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

கருங்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் கூரை. ஜன்னல்கள் மேலே போகப் போகக் குறுகி, கூப்பிய கைபோல் முனையில் சேர்கின்றன. துணியை இரண்டாக மடித்து வெட்டினால்தான் இரு பக்கமும் இப்படி ஒன்றுபோல் வரும். கல்லில் எப்படி வெட்டினார்களோ!

ஏரிப் பக்கம் மாடியில் ஏழு ஜன்னல். அப்போதெல்லாம் சாயங்காலம் உள்ளே விளக்கேற்றினால் சிவப்பும் நீலமும் புல்லில் விழும். அப்பாவும் நானும் அதில் கையை நீட்டி விளையாடுவோம். ஏழாவது மட்டும் எப்போதும் இருட்டு. அந்த இருட்டில் முதலாளியம்மா நிற்பதாக நினைத்து, அதன் கீழே ஓடித்தான் கடப்பேன். நான் உடைத்ததும் அதைத்தான். இப்போது அதில் ஒரு சில்லு மட்டும் வெறும் கண்ணாடி.

காவலாளி மாடிக்குக் கூட்டிப் போனார். உள்ளே எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன்.

"ஏனுங்க, ஏழாவது எங்கீங்க?"

"அது சும்மா சார். அந்த இடத்துல குளிர்காயற அடுப்போட புகைபோக்கி ஏறுது. வெளிய வரிசை கெடக் கூடாதுன்னு ஜன்னல் மாதிரி வச்சிருக்காங்க. கட்டுனப்பவே அப்படித்தான். பின்னால சுவர்."

"நம்ம டவுசர்ல டம்மி பாக்கெட் வெக்கறமே, அதாட்டங்க" என்றாள் செல்வி.

சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"அப்ப உங்களப் பாத்தது ஆருங்க?"

"அங்கிருந்து ஆரும் பாத்திருக்க முடியாது, செல்வி."

அப்பாவுக்கு ஏன் வேலை போனது என்று இனித் தெரியப்போவதில்லை. ஒரு சுவருக்குப் பயந்து அவரிடம் பேசாமல் இருந்துவிட்டேன். கிளம்பும் முன் ஏழாவது ஜன்னலின் கீழே நடந்தேன், மெதுவாக.

பகல் 1.30 பஸ். பாதி மலை இறங்கியதும் செல்வி என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, கேஸைப் பத்தி இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்களே?"

"நீதான் பாத்துட்டு வந்தியே, கண்ணு."