பனியன் துணியில் ஒரு பேன்ட்

துவைத்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அரசுக் கொள்முதல் பிரிவில் இருந்த முப்பது வருடமும் இதைக் கோப்புகளில் எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். சீருடைத் துணி கொண்டுவந்த வியாபாரிகள் என்னைச் சபித்திருப்பார்கள். அவர்களுக்கு என் மாமாவைத் தெரியாது.

எண்பதுகளில், எனக்கு எட்டு வயதானபோது நடந்தது. மாவட்ட அணிக்கு வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த மாமாவை, மாநில ஜூனியர் அணித் தேர்வு ஆட்டத்துக்குக் கோயமுத்தூர் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். கட்டிங் மேசைக்கு வராமல் பந்தைத் தேய்த்துக்கொண்டு திரிகிறான் என்று மகனோடு இரண்டு வருடமாகச் சரியாகப் பேசாதவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெள்ளைப் பேன்ட் கட்டாயம் என்ற வரியில் விரலை வைத்தார்.

"பனியன் கம்பெனிக்காரன் ஊட்டுப் பையன் கடையில போயி வெள்ளைத் துணி வாங்கறதாக்கும்?"

எக்ஸ்போர்ட்டுக்கு வைத்திருந்த கெட்டியான இன்டர்லாக் துணியில், இடுப்புக்கு எலாஸ்டிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று தைக்கவைத்தார். பனியன் துணி ஈரம் பட்டால் நீளும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முதலாளியிடம் அதைச் சொல்வதற்கான நடைமுறைதான் யாருக்கும் தெரியவில்லை.

ஆட்டம் பார்க்க அப்புச்சியும் வந்தார். மாமாவின் பையைக் காக்கும் பொறுப்பு எனக்கு. திறந்து பார்த்தால், துண்டுக்கு அடியில் இன்னொரு வெள்ளைப் பேன்ட். நண்பனிடம் இரவல் வாங்கிய, ஈரத்தில் நீளாத மில் துணிப் பேன்ட்.

"மாமா, இதையப் போட்டுக்கலாமுங்கள்ள?"

"ஜிப்பை மூடு அம்மிணி," என்றார் மாமா, கேலரியைப் பார்த்தபடி. அங்கே அப்புச்சி பக்கத்திலிருந்தவரிடம், "துணி நம்முளுதுங்க. சீமைக்குப் போற சரக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் மழையில் புல் நனைந்திருந்தது. இரண்டாவது ஓவரில், ஈரம் குடித்த பேன்ட் ஷூவுக்குக் கீழே இறங்கியது. ஓடி வந்த மாமா அதையே மிதித்துக் குப்புற விழுந்தார்.

"தம்பி, வேட்டி கட்டீட்டு வந்திருந்தாக்கூடத் தேவலீங்க!" என்று யாரோ கத்த, கேலரி முழுக்கச் சிரிப்பு. அப்புச்சி மட்டும் சிரிக்கவில்லை.

தண்ணீர் இடைவேளையில் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டருகே ஓடினேன். மாமா வேண்டாமென்று தலையாட்டினார். பேன்ட்டின் கீழ் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, இடது கையால் இடுப்பைப் பிடித்தபடியே மிச்ச ஓவர்களை வீசினார். பந்து போகாத திசையில்லை. மாலையில் படித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. மறு வருடப் பட்டியலில் இருந்தது. அந்த முறை அணிந்தது கடையில் வாங்கிய பேன்ட்.

திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த அப்புச்சி திரும்பாமலே கேட்டார். "துணி எப்படிடா இருந்துச்சு?"

"ஜம்முனு இருந்துச்சுங்கப்பா. ஈரத்துல காலுதான் வழுக்கீருச்சுங்க."

அப்புச்சி தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்த தடவை புல்லு காஞ்சிருக்கும்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருப்பதை எடுத்துக் காட்டிவிடலாம் என்று ஜிப்பில் கை வைத்தேன். மாமா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். இரவல் பேன்ட் பஸ்ஸில் தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்து, திருப்பூர் வரும்வரை பையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.