மல்லாந்து படுக்கவிடாத மனுஷர்

கடையநல்லூரிலிருந்து மைதீன் பாயின் மகன் வந்து கடை வாசலில் நின்றபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. "வாப்பா மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க அண்ணாச்சி. எழும்பவே இல்ல" என்றான். அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவரிடம் கைத்தறிச் சேலை வாங்கிப் பழகியவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நான் அவரோடு ஆஸ்பத்திரியில் படுத்துப் பழகியவன்.

பத்து வருஷத்துக்கு மேலே இருக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். குற்றாலத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவனின் உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் குறட்டையை வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், கவலையில்லாமல் தூங்குகிற ஆள் என்று. டாக்டர் மட்டும் அதைக் கேட்டு முகம் மாறினார். குறட்டைக்கு நடுவே என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் கொடுத்து உயர்த்தச் சொன்னார். மல்லாந்து படுக்கக் கூடாது, யாராவது பக்கத்தில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வலிக்கிறதென்று கேட்டாலும் தூக்க ஊசி மட்டும் கூடாது என்று நர்ஸம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "போட்டா நல்லாத் தூங்குவாரு. அப்புறம் எழும்பமாட்டாரு."

நர்ஸம்மாவோ ஒருத்தி. பார்க்க வேண்டிய வார்டுகளோ இரண்டு. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து, காலில் எடை கட்டிக் கிடந்தார் மைதீன் பாய். அதுவரை அவர் யாரோ, நான் யாரோ. "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன். எனக்கு இங்கன வேற என்ன சோலி" என்று சொல்லித் தன் குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு வந்த மதியங்கள் எனக்குப் பாதி கனவாகவே நினைவில் இருக்கின்றன. கண்ணை மூடினால் ஐந்தருவிக்குப் போய்விடுவேன். தண்ணீர் தலையில் விழும். தையல் வலி இருக்காது. பிறகு தண்ணீர் மூக்கையும் வாயையும் மூடும். அதுவும் இதமாகத்தான் இருக்கும். அப்போது விலாவில் குடை நுனி குத்தும். அருவி போய் ஆஸ்பத்திரி ஓடு தெரியும்.

"மூச்ச விடும்வே."

"பாய், ஒரு அரைமணி நேரம் என்னைச் சும்மா விடுமே. கெஞ்சிக் கேக்கேன்."

"தூங்கும், யாரு வேண்டாம்னா? ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கும்."

கோபத்தில் கட்டிலை மாற்றச் சொல்லிக்கூட டாக்டரிடம் கேட்டேன். பாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை. "நல்லாக் கோவப்படும்வே. கோவப்படுதவன் மூச்சு விடுதாம்லா" என்றார். அவர் எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் விழித்திருக்கும் நேரத்தில், கஞ்சிக் கிண்ணம் கையில் இருக்க, உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். நர்ஸம்மா வந்து கிண்ணத்தை மெல்ல வாங்கி வைப்பாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் என் கடைக்கு வந்துவிடுவார். இலை போடுவதற்கு முன்பே, அத்தனை பேர் நடுவில், "எப்பிடிவே படுக்கீரு?" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "ஒருக்களிச்சுத்தான் பாய்" என்று சொல்லிவிட்டு நான் இலையைப் போடுவேன்.

நம் தூக்கத்தை நாம் பார்ப்பதில்லை. என்னுடையதைப் பார்த்துக் காத்தவர் அவர். ஒருக்களித்துப் படுக்கும் பழக்கத்தை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் சாகும்வரை அது என்னோடு இருக்கும். நிம்மதியாகத்தான் போனார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அன்று மதியம் பக்கத்துக் கட்டிலில் நான் இல்லை.