சோபியா வீட்டுச் சிவப்பு பல்பு

வரதராஜன்பேட்டையில் பிரான்சிஸின் வீரத்தைப் பார்க்க வேண்டுமானால் அவன் மனைவி சோபியாவின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே ஒருநாளும் கை ஓங்கியதில்லை, அந்த மகராசன். லாரியை நிறுத்திவிட்டு வருவான், தையல் மிஷினில் குனிந்திருப்பவளின் பின்னங்கழுத்தில் ஓங்கி ஒன்று வைப்பான். பிறவியிலேயே காது கேட்காதவள். அடி விழுந்த பிறகுதான் புருஷன் வந்ததே அவளுக்குத் தெரியும். ஒருமுறை அடித்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஊசி அவள் ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து, துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

கேட்டால் நியாயம் வேறு பேசுவான். "செவிடிய எப்படிங்க கூப்புடுறது? தட்டித்தான கூப்புடணும்?" காது கேட்காதவர்களைத் தட்டிக் கூப்பிடுவது வழக்கம்தான். சோபியா படித்த பள்ளியில் தோளில் விரல் நுனியால் தட்டுவார்கள். தூரத்தில் இருந்தால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அந்த வழக்கத்தை இந்த ஆள் உலக்கையாக்கி வைத்திருந்தான். அவன் அம்மா அடைக்கலமேரியும், "கூப்புட்டதுக்கா அழுவுற?" என்று ஜாடை காட்டுவாள். நன்றாக இருக்கிறது நியாயம்.

விரல் ஆறியதும் சோபியா எலக்ட்ரீஷியன் கலைச்செல்வனைக் கூட்டிவந்தாள். கேட்டைத் திறந்தாலே மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு மின்னி மின்னி எரியும்படி அவன் வயர் இழுத்துக் கொடுத்தான். அதுவரை ரவிக்கை தைக்க வரும் பெண்கள் ஜன்னல் வழியாகப் பொடிக்கல் எறிந்துதான் அவளைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் நிம்மதி.

அன்று சாயங்காலம் பிரான்சிஸ் கேட்டைத் திறந்ததும் பல்பு மின்னியது. சோபியா எழுந்து திரும்பி, அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவனுக்குக் கை எழவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சோறு போடச் சொன்னான்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவள் குளிக்கப் போன நேரத்தில் பல்பை உடைத்துவிட்டு, வெளியே வந்தவளைக் கதவின் பின்னால் நின்று உதைத்துத் தள்ளினான். உடைந்த கண்ணாடியின் மேலேயே விழுந்தாள். உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பும் வழியிலேயே வேறு பல்பு வாங்கி வந்து மாட்டினாள். அடுப்புக்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டாள். துவைக்கும்போது தன் முதுகு சுவரில் ஒட்டுகிற மாதிரி துவைக்கும் கல்லை நகர்த்திப் போட்டாள். வருகிறவன் வருவது தெரிந்தால் போதும், வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அதுகூடப் பொறுக்கவில்லை அந்தப் பாவிக்கு.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு சாயங்காலம். இருட்டத் தொடங்கியிருந்தது. மிஷினில் ஒரு பட்டுப் பாவாடை ஓடிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஸ்டாரும் எரிந்தது. தன் வீட்டில் மட்டும் இருட்டு. மெயின் சுவிட்ச் தெருப்பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கேட்டைத் திறந்தாலும் பல்பு எரியக் கூடாது என்று அதை யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மேஜை மேலிருந்த பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பிரான்சிஸ் இரண்டடி தள்ளி நின்றான், கையில் லாரி ஸ்பேனர். ஓங்கியாகிவிட்டது, இறக்கித்தானே ஆக வேண்டும். ஸ்பேனர் தோலைக் கிழித்து அவள் தோள் எலும்பை முறித்தது. அதே நேரம் கத்தரி அவன் முழங்கைக்குக் கீழே பாதி வரை இறங்கியது. அவன் வாய் பிளந்ததைத்தான் அவள் பார்த்தாள். அலறலைக் கேட்டு ஓடிவந்தது தெரு. யாரோ ஒரு பிள்ளையின் பண்டிகைப் பாவாடை முழுக்க இருவர் ரத்தமும்.

கட்டுப்போட்ட கைகளோடு இருவரையும் மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். சோபியாவின் கைப்பேச்சைச் சொல்ல அவள் அக்கா ஏஞ்சல் மேரி வந்திருந்தாள்.

"பண்டிகை நேரங்க மேடம். பேசித் தீத்துக்குறோம், வூட்டுக்கு அனுப்பி வைங்க," என்றாள் அடைக்கலமேரி.

"கூப்புடத்தாங்க மேடம் தட்டுனேன்," என்றான் பிரான்சிஸ்.

"ஸ்பேனராலயா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சோபியா அக்காவைப் பார்த்து ஒற்றைக் கையால் வேகவேகமாக ஏதோ சொன்னாள். ஏஞ்சல் மேரி தங்கச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அவரு இங்கயே இவ முன்னாடி வந்து நின்னு, மூஞ்சியப் பாத்து ஒரு அடி அடிக்கட்டுமாம். அடிச்சிட்டாருன்னா இப்பவே அவரு கூடப் போயிடுறாளாம்."

சோபியா எழுந்து போய்ப் புருஷனுக்கு நேர் எதிரே நின்று முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். பிரான்சிஸ் தரையைப் பார்த்தான். அம்மா இடித்தும் நிமிரவில்லை. சோபியா பொறுமையாக நின்று பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, கேஸ் எழுதச் சொல் என்று கையால் சொன்னாள்.