பெல்ட்டுக்கு மாலை

திருத்தணியில் என் பாவா நடத்தும் விசைத்தறிக் கொட்டகையில் எட்டுத் தறிகள். என் உடன்பிறந்தவளைக் கட்டியவர் என்பதால் அவர் பாவா. டிப்ளமா முடித்த கையோடு நான் அங்கே சூப்பர்வைசராகப் போனதால் முதலாளியும் அவரே. போன முதல் வாரத்திலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டேன்.

பின்னே என்ன செய்வது? ஒரு ஸ்பானரைத் தேட அரைமணி நேரம். தரையெல்லாம் எண்ணெய். நடக்கிற வழியில் நூல் மூட்டை. சுவிட்ச் போர்டுக்குள் பஞ்சுத் தூசி கூடு கட்டியிருந்தது. சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் பெயிண்டால் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டினேன்.

"டிப்ளமா வந்துட்டாங்க! இனிமே தொடப்பத்துக்குக்கூட டோர் நம்பர் போட்டுடுவாங்க" என்று பாவா எல்லார் எதிரிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், மூன்றாம் தறி ஓட்டுகிறவரைத் தவிர. கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருவதால் எங்களுக்கு அவர் கண்டிகை அக்கா.

"ஆணியெல்லாம் இருக்கட்டும்மா. மோட்டார் பெல்ட்டுக்கு ஒரு கூண்டு போட்டுக் குடு. பக்கத்துல போனாலே பொடவைய இழுக்குது. பயந்துகினே ஓட்டறேன்" என்றார்.

பாவாவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி எட்டு மோட்டார்களுக்கும் கம்பிக் கூண்டு போட வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. யாரும் சொல்லாமலே கொட்டகையைக் கழுவினார்கள், தறிகளைத் துடைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற நேரத்தில் பாவா சொன்னார்: "கூண்டக் கழட்டும்மா. சாமிய யாராவது மூடி வச்சிகினு கும்பிடுவாங்களா?"

கழற்றினேன். எட்டையும் என் கையாலேயே கழற்றினேன். மோட்டார்களுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் தறியை ஓட்டியே ஆக வேண்டும். மாலையோடு கூண்டு உட்காரவில்லை. மாலையை எடுக்கப் போனால், "தொடாத! பூவு தானா வாடி உதிரணும். நாம எடுத்தா தொழிலுக்கு ஆகாது" என்றார் பாவா. ஒரு நாள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது இதற்குத்தான்.

பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது. மூன்றாம் தறியில் மாலையின் நுனி பெல்ட்டில் சிக்கிச் சாட்டைபோலச் சுழன்றது. அதை விலக்கக் குனிந்த கண்டிகை அக்காவின் முந்தானை உள்ளே போனது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். கொட்டகையே அடங்கியது. புடவை கிழிந்து, கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அக்கா ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

பாவா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிதான் காப்பாத்திச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்தில் ஒரு நாள் இரும்பைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்போமாம். அந்த இரும்பின் பக்கத்தில் தினம் நிற்கிற உயிரைப் பார்த்துக்கொள்வது சாமியின் வேலையாம்! சாமிக்குக் கொட்டகையைப் பெருக்கிய கைகளுக்கு, அக்காவுக்காக நான்கு திருகாணி முடுக்க நேரமில்லை. அந்தக் கைகளில் என் கையும் ஒன்று.

நான் வாய் திறப்பதற்குள் அக்காவே பேசினார். "இந்தப் பொண்ணு மெயின ஆஃப் பண்ணிச்சி. அது லீவு போட்ட அன்னிக்கு? கூண்டப் போடுங்க, அப்பறம் ஓட்டறேன்."

"பூவு..." என்று பாவா இழுத்தார்.

"பூவ சாமி தலையில வைங்க நைனா. என் தலைய எனக்கு வுட்ருங்க."

மற்ற தறிக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாவா முனகிக்கொண்டே கத்தரியை எடுத்து மாலைகளை வெட்டினார். நான் ஸ்பானரோடு உட்கார்ந்தேன். முதல் கூண்டு ஏறியதும் அக்கா அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"ஆங். அடுத்தது."

"நல்ல நேரம் போயிகினு இருக்குதே!" என்று பாவா கடிகாரத்தைக் காட்டினார். யாரும் அசையவில்லை. நான் இரண்டாவது கூண்டைத் தூக்கினேன்.