வலிக்கிறது என்று சொல்லாத பிள்ளை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வியாதிக்காக ஜெபித்து முடித்த கையோடு, சுகம் கிடைத்ததா என்று மைக்கை நீட்டிக் கேட்டுவிடுவார்கள். கிடைத்தது என்று வாயைத் திறந்து அறிக்கையிட வேண்டும். வலி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சுகமாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதற்குப் பெயர்தான் விசுவாசம். "இன்னும் வலிக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். முட்டிவலிக்காக நானே ஒருமுறை முன்னால் போய் நின்று, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டவள்தான். பெரியவர்களுக்கு இதெல்லாம் பழகிவிடும். எதை மைக்கில் சொல்வது, எதை வீட்டில் சொல்வது என்று நமக்குத் தெரியும். குழந்தைகளுக்கு அந்த விவரம் தெரியாது.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்குப் பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஆனால் வந்த நாளிலிருந்து வாய் மூடவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துவது நான்தான். ஜெபிக்கச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். முதலில் ஸ்தோத்திரம், அப்புறம் பாவமன்னிப்பு, அப்புறம் மற்றவர்களுக்காக, கடைசியில் மீதி நேரம் இருந்தால் நமக்கு வேண்டியது. பெரியவள் இந்த வரிசையை அச்சுப் பிசகாமல் சொல்வாள். "ஆண்டவரே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று அவள் ஆரம்பித்தால் பாஸ்டரே கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிப்பார். சின்னவளின் ஜெபம் வேறு மாதிரி. "இயேசப்பா, பலூன். ஆமென்." அவ்வளவுதான். நாங்கள் சிரிப்போம், பிறகு அதட்டி ஸ்தோத்திரம் சொல்ல வைப்போம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெரியவள் வயிறு வலிக்கிறது என்றாள். ஓம வாட்டர் கொடுத்தேன். ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்தும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். ஆராதனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜெபித்தால் சரியாகிவிடும் என்று அழைத்துப் போய் முன்னால் நிறுத்தினேன்.

எங்கள் பாஸ்டர் நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, கண்ணில் நீர் வர ஜெபித்தார். முடித்துவிட்டுக் குனிந்து மைக்கை நீட்டினார்.

"வலி போயிடுச்சா பாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். சபை முழுக்க அவளைப் பார்த்தது. கீபோர்டு மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் டிரம் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"போயிடுச்சிங்க" என்றாள்.

தகரம் அதிரக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பின்வரிசை அண்ணன் ஒருவர் ஓடிவந்து சாக்லேட் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு விசுவாசி வீட்டில் புதுவீட்டு ஜெபம். சபையில் வேன் பிடித்திருந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள்ளேயே சின்னவள் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் வேண்டும், முறுக்கு வேண்டும், அந்த முறுக்கு வேண்டாம், தண்ணீர் வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும். வண்டியை நிறுத்தி இறக்கினால், வரவில்லை என்றாள். நான் அவளுக்கே வேலைக்காரியாக இருந்தேன். பெரியவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கோமுகி அணை வந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, "பெரிய பொண்ணு எவ்ளோ அமைதி பாரு" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதுவீட்டில் சிமெண்ட் தரை இன்னும் சில்லென்று இருந்தது. வாசலில் மரவள்ளிக் கிழங்கை வெட்டிக் காயப்போட்டிருந்தார்கள். பாட்டுப் பாடி முடித்து எல்லோரும் முழங்காலில் நின்றோம். பெரியவள் நிற்கவில்லை. சுவரோரம் முழங்காலை மார்போடு இழுத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எழுந்திருடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். எழுப்பத் தோளைத் தொட்டேன். கொதித்தது.

"வலிக்குதா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"நெஜமா சொல்லு. வயிறு வலிக்குதா?"

"இல்லம்மா. போயிடுச்சி."

சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. வலப்பக்கம் லேசாக அழுத்தினேன். அவள் உடம்பு முழுவதும் விலுக்கென்று துள்ளியது. சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும், "வலிக்கலம்மா" என்றாள். என் பிள்ளை என்னிடமே பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஜெபம் பாதியில் நின்றது. பாஸ்டர் கிட்டே வந்து பார்த்து, "பயப்படாதம்மா, இன்னொரு தரம் ஜெபிச்சிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜெபத்த நீங்க இங்க பண்ணுங்க பாஸ்டர். எனக்கு வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அதட்டிக்கொண்டுதான் சொன்னேன். அந்த நல்ல மனிதர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி டிரைவரைக் கூட்டி வந்தார். சின்னவளை பாஸ்டர் மனைவி வாங்கிக்கொண்டார். அவள் கை கால் உதைத்து, "நானு, நானு" என்று ஊரைக் கூட்டியது வண்டி கிளம்பிய பிறகும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலை இறங்குவது எப்படி என்று இந்தப் பக்கத்தவர்களைக் கேட்டால் தெரியும். அருவிக்கு வந்த கூட்டம் மொத்தமும் அப்போதுதான் இறங்கும். நடு ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் ஏறி வந்த பஸ்ஸும் இறங்கிய காரும் மூக்கோடு மூக்கு நின்று, யார் பின்னால் எடுப்பது என்று வாக்குவாதம். என் வீட்டுக்காரர் இறங்கி ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டு வழி வாங்கினார். போனில் டவர் இல்லை. என் மடியில் அவள் சுருண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது என் துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்தாள்.

"வலிச்சா கத்துடி. எதுக்கு அடக்கினு இருக்க?"

"கத்தக் கூடாது."

"யாரு சொன்னது?"

துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வலிக்கிதுன்னு சொன்னா, இயேசப்பா சொகம் குடுக்கலன்னு ஆயிடும்ல. எல்லாரும் கை தட்டிட்டாங்க."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"காத்தால மைக்குல சொன்னப்ப போயிடுச்சா, இல்லியா?"

"போவல" என்றாள். "எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மைக் மேல் கோபம், கை தட்டல் மேல் கோபம், அந்தக் கீபோர்டின் இழுவை மேல்கூடக் கோபம். ஆண்டவரின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலையை ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை காலையிலிருந்து தன் வயிற்றுக்குள் வைத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவரை அப்பா என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தோம். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று சின்னவளைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். முறுக்குக்கும் ஜன்னலுக்கும் தொண்டை கிழியக் கேட்டவள் மேல் எனக்குப் பாசம் குறைந்ததா? எரிச்சல் வந்தது, குறையவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிந்திருந்தது. அடக்க ஒடுக்கமாக இருந்தவள்தான் என் பக்கத்திலேயே செத்துக்கொண்டிருந்தாள்.

"இயேசப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. நீ கத்து" என்றேன். "நான் சொல்றேன், கத்து."

அடுத்த வளைவில் அவள் கத்தினாள். "எம்மா வலிக்கிதும்மா" என்று அவள் போட்ட அலறலில் டிரைவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. நானும் கத்தினேன். ஞாயிறு பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. "புள்ளையக் குடு, புள்ளையக் குடுத்துடு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஸ்தோத்திரம் இல்லை, ஆமென் இல்லை, மரியாதைகூட இல்லை. என் வாழ்நாளில் நான் மனசாரச் செய்த ஜெபம் அதுதான்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குள் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. டாக்டர் இளவயதுப் பெண். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பதற்றத்தில், "நேத்து இருந்துதுங்க மேடம். காத்தால ஜெபத்துல சரியாயிடுச்சி. இப்பதான் மறுபடியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் நடந்ததாக அவர் நம்பியதைச் சொன்னார். வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு அவள் என் காதில் சொன்னது தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து அவள் குரல் வந்தது.

"சரியாவல. நேத்துலேர்ந்து வலிச்சிக்கினேதான் இருக்குது."

டாக்டர் அவள் பக்கம் திரும்பிவிட்டார். அதன் பிறகு எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, இப்போது எங்கே ஜாஸ்தி, எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குடல்வால் வெடித்திருக்கும் போலத் தெரிகிறது, காத்திருக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு உடனே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் போகவில்லை. மறுபடி ஆரம்பித்தார். நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சொல்றதுன்னே தெர்லமே."

"பயமா இருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

மேடையில் டிரம் அடித்து நான் பார்த்திருக்கிற அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "பயமா இருக்குதுப்பா" என்று சொல்லி உடைந்து அழுதார். கதவு திறந்து, பிள்ளை தப்பித்தாள் என்று ஒருவர் வந்து சொல்லும்வரை அதைத் தவிர வேறு எதையும் அவர் ஜெபிக்கவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியது. திரும்பியதும் தண்ணீர் கேட்டாள். ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, குடல் அசைய வேண்டும், அதுவரை உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவள் அந்தப் பஞ்சையே உறிஞ்சப் பார்த்தாள்.

"தண்ணி குடும்மா."

"இப்ப கூடாதுடா கண்ணு. டாக்டர் சொல்லட்டும்."

"கொஞ்சோண்டு."

"கூடாது."

அப்பாவிடம் கேட்டாள். அவர் தாங்க முடியாமல் வெளியே போய்விட்டார். நர்ஸிடம் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் பாட்டிலைத் திறந்தபோது அவரிடம் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டில் என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு நொடி ஆகாது. கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் என் உடம்பில் இருந்த அத்தனை பலமும் தேவைப்பட்டது. ஏன் கூடாது என்று எந்த வார்த்தையில் சொன்னாலும் அவளுக்குப் புரியப்போவதில்லை. அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், தண்ணீரும் இருக்கிறது, கொடுக்கமாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

நான் கேட்டுக் கிடைக்காத ஜெபங்கள் எனக்கும் உண்டு. அவற்றுக்கெல்லாம் அன்று விளக்கம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அதுவும் ஒரு மைக் சாட்சியாகத்தான் இருக்கும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் எங்கோ தூரத்தில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கையில் ஈரப் பஞ்சோடு, எழுந்து போகவும் முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வெயில் ஏற ஏற அவளுக்குக் கோபம் ஏறியது. "நீ கெட்ட அம்மா" என்றாள். "உன்னாண்ட பேசமாட்டேன், போ" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அடக்கச் சொல்லிப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் அடக்கவில்லை. திட்டட்டும் என்று இருந்தேன். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்குக் கண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அழுது ஓய்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பஞ்சை நனைத்தேன். சத்தம் கேட்டு மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள். அவள் என்னிடமே கேட்டாள்.

"தண்ணி குடும்மா."